நெஞ்சு நோ என்று நம்பர் எடுத்த கதை

மனநலக் கிளினிக் வியாழக்கிழமை என்று எழுதித் தந்த துண்டு இன்னும் என் கைப்பைக்குள் கிடக்கிறது. கிளினிக் நடப்பது செவ்வாய்க்கிழமை. அந்தத் துண்டால் எனக்குப் போன நாட்களைப் பிறகு சொல்கிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

அம்மா தை மாதம் காலமானார். எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று 31 நாளும் வீடு நிறைய ஆட்கள். என் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. தேத்தண்ணி, கதிரை வாடகை, ஐயருக்குத் தட்சணை என்று ஓடிக்கொண்டிருந்தேன். செத்தவீட்டன்றுகூட அழவில்லை. கனடாவில் இருக்கிற தங்கச்சி பார்க்க வேண்டுமென்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கேயிருந்து குளறி அழுதாள், நான் கை ஆடாமல் பிடித்தேன். பந்தல் கழற்றி, கதிரையெல்லாம் ஏற்றி அனுப்பி நாலைந்து நாள் கழித்து, ஒரு விடியற்காலை நெஞ்சுக்கு மேலே நெல்மூட்டை வைத்த மாதிரி இருந்தது. பிறகு பிடரி உளைவு, கால் குத்து, வயிற்றெரிவு. மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்தபடி கிடப்பேன்.

வீட்டில் எல்லாரும் சொன்னது ஒரே சொல்: "யோசிக்காதை." யோசிக்காமல் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை.

மல்லாவிப் பக்கத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் மாங்குளம் சந்தியில் இறங்கி, ஏ9 வீதியில் அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் அதற்கே போகும். முதல் முறை "நெஞ்சு நோகுது" என்றேன். ஈசிஜி எடுத்தார்கள், நல்லது என்றார்கள், வயிற்றுக்குக் குளிசை தந்தார்கள். இரண்டாம் முறையும் அதே நெஞ்சு நோ, அதே ஈசிஜி, அதே குளிசை. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். நெஞ்சு நோ என்று வந்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதைத் தவறவிடவே கூடாது. ஆனால் நான் நித்திரையில்லை என்று சொல்லவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லவில்லை, அம்மா செத்ததையும் சொல்லவில்லை. கேட்காததை ஏன் சொல்வான் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் முறை இருந்தது சின்ன வயது டொக்டர் ஒருவர், பெண்பிள்ளை. கொப்பியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, கடைசியா எப்ப நல்லா நித்திரை கொண்டனீங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர்தான் இரத்தம் சோதிக்க எழுதினார், மனநலக் கிளினிக்குக் கடிதமும் தந்தார். சோர்வும் கவலையும் சேர்ந்து வந்தால் இரத்தம் குறைவா, தைராய்டு குறைவா என்று பார்க்க வேண்டுமாம். தைராய்டு குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடக்குமாம்.

இரத்தம் கொடுத்தது ஐந்து நிமிட வேலை. றிப்போட் எடுக்கத்தான் இரண்டு நாள் அலைச்சல். கொப்பியில் என் பெயருக்கு முன்னால் கணவரின் முதலெழுத்து, அடையாள அட்டையில் அப்பாவின் முதலெழுத்து. "உங்கட பேரில ஒண்டும் வரேல்ல" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை றிப்போட் கட்டை நானே தூக்கிப் பார்க்கக் கேட்டு, அப்பாவின் எழுத்தின் கீழ் கிடந்ததை எடுத்தேன். இரத்தம் கொடுக்கும்போதே அடையாள அட்டை நம்பரை எழுதுவியுங்கள், எழுதினார்களா என்று நின்று பாருங்கள். தைராய்டு சரியாக இருந்தது, இரத்தம் குறைவு. இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். தேத்தண்ணியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. பிளேன்ரீ குடித்தபடியே மூன்று கிழமை விழுங்கியிருக்கிறேன்!

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். துண்டில் இருந்தபடி விடிய ஐந்தரை பஸ்ஸில் போனேன். கவுண்டரில் இருந்தவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "விசர்க் கிளினிக் செவ்வாய்க்கிழமை. இண்டைக்கு ஆர் வரச் சொன்னது?" பக்கத்து வரிசை சீனி வியாதிக்காரர். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார். நான் துண்டை மடித்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் நின்று பஸ் பிடித்தேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றது. இறங்கித் தேங்காய் உடைக்கவும் மனமில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை, அதற்கடுத்த செவ்வாயும் போகவில்லை.

அந்த இரண்டு கிழமைதான் மோசம். ஒரு இரவு, செத்தால்தான் என்ன என்று நினைப்பு வந்தது. பயந்துபோய் 1926க்கு எடுத்தேன். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். முதலில் சிங்களத்தில் பேசினார்கள். "தமிழ்" என்றேன், கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு ஒரு பெண் தமிழில், அவசரமில்லாமல் கேட்டார். பெரிய அறிவுரை ஒன்றும் இல்லை. "செவ்வாய்க்கிழமை போங்கோ அம்மா, ஆரையாவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நடந்தது நான் பயந்த மாதிரி எதுவுமில்லை. கட்டிலும் இல்லை, கட்டிவைப்பதும் இல்லை. ஒரு மேசை, ஒன்பது கேள்வி. சாகும் நினைப்பு வந்ததா என்று டொக்டர் நேராகவே கேட்டார். வந்தது என்றேன். அவர் பதறவும் இல்லை, ஏசவும் இல்லை. துக்கம் நோயில்லை, ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நாள்முழுதும் மனம் இருண்டு, பசியும் நித்திரையும் கெட்டு, செய்கிற வேலையும் ஓடாமல் போனால் மருந்து பார்க்க வேண்டும் என்றார். நெஞ்சு நோ பொய்யில்லையாம். துக்கத்தில் தசை இறுகி, மூச்சு மேலோட்டமாகி, அதுவே நோவாகுமாம். மனத்துயரை உடம்பு நோவாகச் சொல்வதுதான் எங்கள் சனத்தின் வழக்கம் என்று மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்திலிருந்தே சொல்லிவந்ததாம். எனக்கு அது பெரிய ஆறுதல். நான் நடிக்கவில்லை.

புளுஒக்செற்றின் 20 மில்லிகிராம், காலையில் ஒன்று. குணம் தெரிய இரண்டு முதல் நாலு கிழமை ஆகும், முதலில் வயிற்றுப் பிரட்டல்தான் வரும் என்று சொல்லித்தான் தந்தார்கள். அப்படியிருந்தும் எட்டாம் நாள் பிரட்டல் தாங்காமல் நிற்பாட்டினேன். என் முட்டாள்தனம். திரும்பத் தொடங்கி முதலிலிருந்து காத்திருந்தேன். நீங்களாக நிற்பாட்டாதீர்கள், போய்ச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் உறவுக்காரர் ஒருவர் நகரத்தில் யாரிடமோ வாங்கிய "நரம்புச் சூரணம்" கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டால்தான் அது வேலை செய்யுமாம். எங்கள் ஊர் நாட்டு வைத்தியப் பரியாரியிடம் காட்டினேன். மணந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே தெரியேல்லப் பிள்ளை. குளிசையை விடாதேங்கோ" என்றார். எண்ணெய் மட்டும் தந்தார். சனிக்கிழமைகளில் தலைக்கு வைத்து முழுகினேன். பிடரி உளைவு அதில்தான் இளகியது.

மூச்சுப் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை. உளவளத்துணையாளர் முதல் நாள் கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் எனக்கு வந்தது 2009. பங்கர், மண், அம்மா என் தலையை அமத்திப் பிடித்த கை. எழும்பி வெளியே போய்விட்டேன். பிறகுதான் சொன்னார், எங்களைப் போன்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே செய்யலாமாம். காலை நிலத்தில் அழுத்தி வைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். சாந்தியாசனம் மட்டும் எனக்கு ஒத்துவந்தது. பாயில் படுத்து, காலிலிருந்து ஒவ்வொரு இடமாக இறுக்கி இறுக்கித் தளர்த்துவது. முகம் வரை போனதேயில்லை, இடுப்போடு நித்திரை.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். "போங்கோ, குளிசையையும் கொண்டு போங்கோ" என்றார். கடல்நீரில் விளக்கெரியும் அம்மன். அந்தச் சனத்துக்குள், மணலில், சின்னம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, மெதுவாக ஒப்பாரி எடுத்தார். செத்தவீட்டில் ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காமல் போன ஒப்பாரி, அம்மாவின் பெயரைச் சொல்லி. நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரும் யோசிக்காதை என்று சொல்லவில்லை, கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்கள்.

இப்போது நித்திரை ஐந்து மணித்தியாலம் வருகிறது. நெல்மூட்டை சில நாள் இருக்கும், சில நாள் இராது. குளிசை தொடர்கிறது. போன செவ்வாய் அதே கவுண்டர், அதே ஆள். "எந்தக் கிளினிக்?" என்றார். "மனநலக் கிளினிக்" என்று அவர் அன்று சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். நம்பர் 14 தந்தார். பெயரின் முதலெழுத்தைத் திரும்பவும் பிழையாகத்தான் எழுதியிருந்தார், நின்று திருத்துவித்தேன்.

தையில் ஆட்டைத் திவசம். தங்கச்சி இப்பவே போனில் காட்டச் சொல்லிக் கேட்கிறாள். காட்டலாம், ஆனால் பிடிக்க வேறு ஆள் பார் என்று சொல்லியிருக்கிறேன்.