ஒரு கணினியில் இரண்டு குடித்தனம்

1 நவம்பர் 2025, சனி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு மடிக்கணினி பழசு, விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஆனால் மனைவியின் டியூஷன் பாடங்கள் எல்லாம் அதில்தான். சரி, விண்டோஸ் அது பாட்டுக்கு இருக்கட்டும், இணைய வேலைக்கு உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பக்கத்தில் குடிவைப்போம் என்று முடிவு.

உபுண்டுவை நிறுவ, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடையில் ஒரு தம்ப் டிரைவ் வாங்கி வந்தேன். பாடங்களை முதலில் வெளி வட்டில் நகலெடுத்தாயிற்று. பிறகு உபுண்டுவுக்கு இடம்விட, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால், 80 ஜிபி கேட்டதற்கு 52தான் தந்தது. நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. போதும்.

2 நவம்பர், ஞாயிறு

இன்று செய்தது சுத்த முட்டாள்தனம். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் செக்யூர் பூட்டை, அதாவது கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்கவிடாத காவலை, அணைத்தேன். உபுண்டுவைத் தொடக்கிவைக்கும் பூட் லோடர் கையொப்பத்தோடுதான் வருகிறது, அணைக்கத் தேவையே இல்லை. பழைய பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அப்புறம் விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை. வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கிறது, 48 இலக்கம். வட்டு பூட்டியிருந்ததே எனக்குத் தெரியாது. சாவி மனைவியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில், மனைவியோ தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாள். வரும்வரை வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்தேன்.

அவள் கைப்பேசியைப் பார்த்து ஆறு ஆறு இலக்கமாகப் படிக்க, நான் தட்டினேன். ஐந்தாவதில் பிழை. ஒவ்வொரு ஆறிலக்க எண்ணும் 11-ஆல் மீதியின்றி வகுபடும், அதனால்தான் தப்பு உடனே பிடிபடுகிறது என்று விளக்கப் போனேன்.

"கணக்குப் பாடம் அப்புறம். முதல்ல என் ஃபைலெல்லாம் இருக்கான்னு பாருங்க."

இருந்தன. செக்யூர் பூட்டை மறுபடி போட்டிருந்தாலே அநேகமாகச் சாவி கேட்காமல் திறந்திருக்கும். இது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்துபோய் அதைப் போட்டேன். பிட்லாக்கரையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்தேன். பின்னது ஓடினால், அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுத முடியாது.

4 நவம்பர், செவ்வாய்

நிறுவியாயிற்று. எதைத் தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வந்தது, இரண்டும் தொடங்கின. எழுத வேறொன்றுமில்லை.

8 நவம்பர், சனி

மாலை 6 மணி வகுப்புக்கு மனைவி விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் காலை 10 என்கிறது. "நேரத்தையும் கெடுத்துட்டீங்களா?"

மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். நமக்கு வித்தியாசம் 8 மணி. 1982 பிறக்கும்வரை சிங்கப்பூருக்கு அது ஏழரை மணிதான். அந்தக் காலத்தில் இதைச் செய்திருந்தால் ஏழரை பிடித்தது என்றே வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

உபுண்டுவையும் உள்ளூர் நேரத்தையே பார்க்கச் சொல்லி ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன், சரியானது. பட்டியலில் விண்டோஸ்தான் முதலில் வரவேண்டுமாம். மறுபேச்சு பேசாமல் மாற்றிவிட்டேன்.