மாதிரி சொன்ன காற்றும் மணலியில் அளந்த காற்றும்

முனைவர் பட்ட ஆய்வில் எனக்குக் கிடைத்த முதல் வேலை பார்வைக்கு எளிதாகத்தான் இருந்தது. சென்னைக் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள், அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டமுள்ள துகள், எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணினி மாதிரி சொல்கிறது. மணலி, ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களில் கருவிகள் அதை அளக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டு, மாதிரியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நான் சொல்ல வேண்டும். ஒரு மாத வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

முதல் வரைபடமே கலங்க வைத்தது. அளவீட்டில் காலை ஏழு மணியையொட்டி உச்சம். மாதிரியிலோ நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு. மாதிரி உதவாது என்று எழுதவே தொடங்கிவிட்டேன். பிறகுதான் கோப்பின் தலைப்பைப் படித்தேன். மாதிரி உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது, நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. தவறு முழுக்க என்னுடையது. அந்த அரை மணி நேரமும் எளிதில் விடவில்லை. மாதிரியின் ஒவ்வொரு மணியும் இங்கே ஐந்தரை முதல் ஆறரை வரை என்றுதான் விழும். நிலையத்தின் மணிச் சராசரியோ ஐந்து முதல் ஆறு வரை. ஆகவே 15 நிமிட அளவீடுகளை எடுத்து, ஐந்தரையிலிருந்து நானே சராசரி கண்டேன்.

அடுத்து அளவீடுகளைச் சலித்தெடுக்க வேண்டியிருந்தது. இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. கருவி சொல்வதே உண்மை என்று நம்பி வந்தவனுக்கு, ஒரே எண் மணிக்கணக்கில் மாறாமல் நின்ற நாட்கள் அதிர்ச்சியாக இருந்தன. மின்தடை முடிந்ததும் எகிறிக் குதித்த மதிப்புகள் வேறு. எனக்கு மிகவும் கைகொடுத்த சோதனை ஒன்று உண்டு: பிஎம் 10 என்பது 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள எல்லாத் துகள்களின் அளவு, அதற்குள் பிஎம் 2.5 அடக்கம். சிறியது பெரியதை மிஞ்சி நிற்கும் நேரங்களை நீக்கினேன். இதைச் செய்யாமல் மாதிரியைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

பிறகு மதிப்பெண். மாதிரி சராசரியாக எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குச் சராசரிப் பின்னச் சாய்வு என்று பெயர். பாய்லன், ரஸல் என்ற ஆய்வாளர்கள் 2006இல் முன்வைத்த அளவுகோலின்படி, துகள் மாதிரியில் அது ±60 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். ±30க்குள் இருந்தால் நல்லது. என் மாதிரி நல்லதில் சேர்ந்தது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் காட்டினேன். அவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இரவையும் பகலையும் பிரித்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிரித்தேன். பகலில் மாதிரி கூட்டிச் சொல்கிறது, இரவில் குறைத்துச் சொல்கிறது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நல்ல சராசரியாக என் கண்ணை மறைத்திருந்தன. சாய்வோடு பின்னப் பிழையையும் முதலிலேயே பார்த்திருந்தால் இது தப்பியிருக்காது. பின்னப் பிழையில் கூடுதலா குறைவா என்ற குறியைப் பார்க்காமல் கூட்டுவதால், எதிரெதிர்ப் பிழைகள் கரைவதில்லை.

காரணம் தேடிப் போனபோது கடல் குறுக்கே வந்தது. மாதிரி நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 40 கிலோமீட்டர். மணலிக்கும் வேளச்சேரிக்கும் இடையே 20 கிலோமீட்டர்தான். ஆலைகளையும் குடியிருப்புகளையும் வங்கக் கடலின் ஒரு பகுதியையும் கலந்து மாதிரி ஒரே எண்ணைத் தருகிறது. இரவில் நிலம் குளிர்ந்து, புகை தரையோடு அடங்கிக் கிடக்கும். கடல் அப்படிக் குளிர்வதில்லை. அதன் மேல் காற்று தொடர்ந்து கலந்துகொண்டே இருக்கும். பாதிக் கடலான கட்டத்தில் இரவுப் புகை நீர்த்துப்போவதில் வியப்பில்லை.

பிஎம் 2.5க்கு 24 மணி நேரச் சராசரியில் நம் நாட்டின் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தாண்டும் நாட்களை முன்கூட்டிச் சொல்லத்தானே மாதிரி? அதனால் அந்த நாட்களைத் தனியே எடுத்தேன். போகி வந்து நின்றது. விடியலுக்கு முன்னால் தெருத்தெருவாக எரியும் பழம்பாய்களும் டயர்களும், எங்கிருந்து எவ்வளவு புகை வருகிறது என்று மாதிரிக்குச் சொல்லும், மாதச் சராசரியாகத் தயாராகும் உமிழ்வுப் பட்டியலில் எப்படி இடம்பெறும்? அளவீட்டுக் கோடு செங்குத்தாக ஏற, மாதிரியின் கோடு அதன் அடியில் அமைதியாகப் போனது.

விதிவிலக்கு என்று சொல்லி அந்த நாளை நீக்கிவிட ஓர் ஆலோசனை வந்தது. நீக்கவில்லை. மூச்சுத்திணறலோடு இருப்பவர்களுக்கு எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நாள் அது. அட்டவணையில் போகிக்குத் தனி வரிசை கொடுத்திருக்கிறேன்.