துர்க்கானா நாட்குறிப்பு: பள்ளிக்கூடத்து உலை

13 ஜூலை 2022, புதன்

இரண்டாம் பருவம் தொடங்கிவிட்டது. வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகளில் பாதிப்பேர்கூட வரவில்லை. கென்யாவின் வடமேற்கு மூலையான இந்தத் துர்க்கானாவில் 2020 இறுதி முதல் அடுத்தடுத்து நான்கு மழைப் பருவங்கள் பொய்த்துவிட்டன. வறட்சியைத் தேசியப் பேரிடர் என்று அதிபர் உஹுரு கென்யாட்டா சென்ற செப்டம்பரிலேயே அறிவித்தார். ஆடும் ஒட்டகமுமே சொத்தாக உள்ள குடும்பங்கள் மேய்ச்சல் தேடி உகாண்டா எல்லைப் பக்கம் போகும்போது பையன்களும் மந்தையோடு போய்விடுகிறார்கள். அவர்களுடைய பெயர்களைத் தலைமையாசிரியர் அடிக்கவில்லை. திரும்பி வந்தால் அதே வகுப்பில் உட்காரட்டும் என்கிறார்.

21 ஜூலை, வியாழன்

விடியற்காலையில் வறண்ட ஆற்றுக்குச் சென்றேன். ஆளுயர ஊற்றுக்குழிக்குள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குந்தியிருந்தாள். ஊறிவரும் கலங்கல் நீரைத் தகரக் குவளையால் வழித்து எடுப்பாள். மறுபடி ஊறும்வரை காத்திருப்பாள். மேலே நின்ற தங்கை அதை வாங்கி 20 லிட்டர் மஞ்சள் கேனில் ஊற்றினாள். கேன் நிரம்புவதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குப் படிப்பில் ஆர்வமின்மையே காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் குழியருகே ஒரு காலைப்பொழுது நிற்க வேண்டும்.

27 ஜூலை, புதன்

2003 முதல் கென்யாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. உலக உணவுத் திட்டம் நடத்திவந்த பள்ளி உணவையும் 2018இல் அரசு ஏற்றுக்கொண்டது. இங்கே சோளமும் பயறும் மூட்டையாக வந்து இறங்கியும் அடுப்பு எரியவில்லை. காய்ந்த மக்காச்சோளத்தையும் பயறையும் சேர்த்து வேகவைக்கும் கிதேரி பல மணி நேரம் கொதிக்க வேண்டும். அதற்குத் தண்ணீரும் விறகும் சமையல்காரருக்குக் கூலியும் தேவை. இவற்றுக்குப் பெற்றோர்தான் பணம் தர வேண்டும். ஆடு செத்த வீட்டில் பணம் ஏது? உதவ விரும்பும் நண்பர்கள் புத்தகப் பை அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களுடைய அன்பை மதிக்கிறேன். ஆனாலும் முதலில் தண்ணீர்த் தொட்டி, அடுத்து லாரித் தண்ணீர், பிறகு கூலி, பை கடைசியில் என்று எழுதி அனுப்பினேன்.

5 செப்டம்பர், திங்கள்

தொட்டி வைத்த பிறகு உலை தவறாமல் கொதிக்கிறது. பனங்காய் கடித்துப் பசியாறிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் மதியம் வரை வகுப்பில் இருக்கிறார்கள். ஊற்றுக்குழியில் கண்ட அக்காளும் தங்கையும் வருகிறார்கள். பள்ளி விட்டதும் ஆளுக்கொரு கேனில் நீர் பிடித்துச் செல்லலாம் என்ற ஏற்பாட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் சம்மதித்ததே காரணம். எட்டாம் வகுப்புப் பையன்களில் சிலர் இன்னும் மந்தையோடுதான் இருக்கிறார்கள். ஆண்டிறுதித் தேர்வு நெருங்குவதால், அந்த மேய்ச்சல் பக்கம் போகும் உறவினரிடம் அவர்களுக்கான பாடப்புத்தகங்களைத் தலைமையாசிரியர் இன்று கொடுத்தனுப்பினார். அடுத்த மாத லாரிக்குப் பணம் இன்னும் சேரவில்லை. நாளை மறுபடியும் நண்பர்களுக்கு எழுத வேண்டும்.