டீயில் பாலாடை படிந்த ஷாட்: எடிட்டிங் பிராக்டிகல் அனுபவம்

நேற்று ரிசல்ட் வந்தது, பாஸ். போன வருஷம் இதே சினிமா எடிட்டிங் பிராக்டிகல் பரீட்சையில் ஃபெயில் ஆனவள் நான். அதனால் அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைனைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஷாட்டும் கதைப்படி மணி எத்தனைக்கு நடக்கிறது என்று பேப்பரில் எழுதுங்கள்.

போன வருஷம் எடிட் செய்யக் கொடுத்த ரஷ்ஷில் (வெட்டாத மூலக் காட்சிகளில்) ஒரு அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பார். துண்டு எந்தத் தோளில், செருப்பு எந்தப் பக்கம் என்று ஷாட்டுக்கு ஷாட் மேட்ச் பார்த்தே மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் போயிற்று. நேரம் கடந்ததைக் காட்ட நான்கு டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரிவது) போட்டேன். வைவாவில் சார் ஒன்றுதான் கேட்டார். "ஏம்மா, இவர் எவ்வளவு நேரமா உக்காந்திருக்கார்?" எனக்கு வாயே திறக்கவில்லை. பத்து நிமிஷமா, ராத்திரி முழுக்கவா என்று நானே முடிவு செய்திருக்கவில்லை.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச், எங்கே வெட்டுவது என்பதில் உணர்ச்சிக்கு 51 சதவீதம், முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு (ஆளும் பொருளும் இடம் மாறாமல் இருப்பதற்கு) 4 சதவீதம் கொடுத்தது நம் எல்லோருக்கும் மனப்பாடம். சிஸ்டம் முன்னால் உட்கார்ந்ததும் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இந்த வருஷம் மகனின் போனுக்காகக் காத்திருக்கும் அம்மா. வைட் ஷாட்டில் டம்ளரில் ஆவி பறக்கிறது. குளோசப்பின் மூன்றாவது டேக்கில் டீ ஆறி, மேலே ஆடை சுருங்கிக் கிடக்கிறது. லைட்டிங் மாற்றிய நேரத்தில் ஆறியிருக்க வேண்டும். கூட எழுதியவர்கள் கன்டினியூட்டி தப்பு என்று அந்த டேக்கை ஒதுக்கினார்கள். நான் வைடுக்கு 6.10, குளோசப்புக்கு 7.30 என்று எழுதி, நேராக கட் செய்தேன். கட்டுக்கு 12 ஃபிரேம் (சுமார் அரை நொடி) முன்பே ஸ்கூல் வேன் ஹாரன் சத்தத்தை உள்ளே இழுத்துவிட்டேன். டிசால்வ் ஒன்றுகூட இல்லை.

மற்றவை சுருக்கமாக:

- ஒரே நேரத்தில் தொடரும் ஆக்‌ஷன் என்றால் அசைவின் நடுவில் வெட்டுங்கள். எழுந்திருக்கும் வேகம் இரண்டு ஷாட்டிலும் ஒத்துப்போனால் விரல் எங்கே இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.
- நேரம் தாண்டும் கட் என்றால் ஷாட் சைஸ், வெளிச்சம், சத்தம் மூன்றில் குறைந்தது இரண்டு மாற வேண்டும். கொஞ்சமாக மாறினால் தப்பு மாதிரிதான் தெரியும்.
- லைன் தாண்டிய ஷாட்டை (கேமரா எதிர்ப்பக்கம் போனதால் ஆட்கள் இடம் வலம் மாறித் தெரிவதை) விட மனசில்லையா, நடுவில் ஒரு இன்சர்ட் (ஒரு பொருளின் குளோசப்) வையுங்கள்.
- ஆள் வெளியேறிய காலி ஃபிரேமை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். எனக்கு அதுதான் டிசால்வின் வேலையைச் செய்தது.
- முதல் வேலையாக ரூம் டோனை (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் மெல்லிய சத்தத்தை) முழு சீனுக்கும் விரித்துவிடுங்கள்.

எழுதிப் பார்த்தால்தான் எனக்கு யோசனையே ஓடும். மனசிலேயே கணக்கு வைக்க முடிகிறவர்களும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

வைவாவில் அதே சார், அதே கேள்வி. "ஒரு மணி இருபது நிமிஷம் சார்" என்று பேப்பரை நீட்டினேன். வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, சீனை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

எழுதிப் பார்க்கும் ரஃப் ஷீட்டைப் பரீட்சை நடத்துகிறவர்கள் தாங்களாகத் தர மாட்டார்கள். உட்கார்ந்ததுமே கேட்டு வாங்குங்கள்.