65-இல் நோயாளி, 60-இல் குணமா?

எம்.இ./சி.எஃப்.எஸ். எனும் நாட்பட்ட களைப்பு நோய் ஆய்வுகளில், முடிவுரையை நம்புவதற்கு முன் அளவுகோலைப் பாருங்கள். நோயாளிகள் பல ஆண்டுகளாகச் சொல்வது இதைத்தான்.

படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை உள்ளிட்டவற்றைச் சோதித்த பிரிட்டனின் பேஸ் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 641 பேர், 'லான்செட்' இதழ், 2011. உடலியக்கத்தை அளந்தது எஸ்.எஃப்.-36 வினாத்தாள். மாடி ஏறுவது, குனிவது, குளிப்பது என 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0, 5 அல்லது 10 மதிப்பெண். மொத்தம் 100; கூடக்கூட உடல்நிலை நன்று. 65-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்களைத்தான் நோயாளிகளாகச் சேர்த்தார்கள். குணமடைந்ததாகக் கொள்ள முதலில் வகுத்த எல்லை 85. பிறகு அதை 60 ஆக்கிவிட்டார்கள். அதாவது, 65-இல் உள்ளே வந்தவர் 60-க்குச் சரிந்தாலும் இந்த ஒரு அளவுகோலில் தேறிவிடுவார்! இதைக் கண்டுபிடித்தது நோயாளிகள்தான். படுக்கையில் கிடந்தபடி அட்டவணை அட்டவணையாகப் புரட்டியவர்கள்.

2016-இல் பிரிட்டனின் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு ஆய்வின் தரவு வெளிவந்தது. பழைய எல்லைகளை வைத்துக் கணக்கிட்டதும் 22% என்று சொல்லப்பட்ட குணமடைந்தோர் விகிதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இன்னொரு கோளாறு, ஆள் சேர்ப்பு. பேஸ் ஆய்வு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய ஆக்ஸ்ஃபோர்டு வரையறைக்கு ஆறு மாதக் களைப்பே போதும். சிறு உழைப்புக்குப் பின் ஒரு நாள் கழித்துக்கூட ஆளைச் சாய்க்கும் அந்தச் சரிவு கட்டாயமில்லை. அதனால் வேறு காரணத்தால் களைத்தவர்களும் கலந்துவிடுவார்கள்.

படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டி கைவிட்டது. அதற்குள் எத்தனை பேரை எழுந்து நடக்கச் சொல்லி வதைத்தோம்!