குவார்தா: உவோர்சினின் ஊர்

சுவிட்சர்லாந்தின் லாண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயிலுக்கு மாறி, 19 கிலோமீட்டர் நீள வெரைனா சுரங்கத்தைத் தாண்டினால் கீழ் எங்காடின் பள்ளத்தாக்கு. குவார்தா ஸ்டேஷன் கீழே இருக்கிறது, ஊர் மலைமேல் 1,653 மீட்டர் உயரத்தில். சின்ன மஞ்சள் பஸ் மேலே ஏற்றிவிடுகிறது.

நான் வந்தது குழந்தைகளுக்கான 'உவோர்சின்' கதையை எழுதிய செலினா க்யோன்ஸுக்காக. 1910இல் சமேடனில் பிறந்தவர். ரோமான்ஷ், ஜெர்மன் இரண்டிலும் எழுதினார். ரோமான்ஷ் பேசுவோர் சுவிஸ் மக்களில் ஒரு சதவீதம்கூட இல்லை. 1938இல்தான் வாக்கெடுப்பு நடத்தி அதைத் தேசிய மொழிகளில் ஒன்றாக ஏற்றார்கள். அந்த மொழிக் குழந்தை ஒருவனை உலகமே அறியச் செய்தவர் இவர்.

1945இல் வந்த 'உவோர்சின்' படக்கதையில், மார்ச் முதல் தேதி சலாந்தாமார்ஸ் திருநாள். பிள்ளைகள் மணியடித்துக் குளிர்காலத்தை விரட்டும் நாள். உவோர்சினுக்குக் கிடைத்ததோ ஆகச் சிறிய மணி. பெரிய மணி மலைக்குடிசையில் தொங்குவது நினைவுக்கு வர, தனியாகப் பனியில் ஏறிப் போகிறான். இரவெல்லாம் அப்பா அம்மா தவித்துக் கிடக்கிறார்கள். படம் வரைந்தவர் அலோயிஸ் கரிஜியெட். குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருதை, ஓவியருக்கான பிரிவில் 1966இல் முதன்முதலில் பெற்றவர்.

புத்தகத்தில் பார்த்த வீடுகள் தெருவில் அப்படியே நிற்கின்றன. கனத்த சுவர், அதற்குள் புனல்போல் குறுகிச் செல்லும் ஜன்னல். சுவர் முழுக்க ஸ்கிராஃபித்தோ. அடர்நிறச் சாந்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, ஈரம் காயுமுன் கீறி எடுக்கும் கோலம் அது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பூவிதழின் ஓரத்தில் கீறலின் ஆழம் நிழலாகத் தெரிகிறது.

இந்தச் சுவர்கள் இன்றும் நிற்பதில் செலினாவின் கணவர், கட்டடக் கலைஞர் யாக்கன் உல்ரிக் க்யோன்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1939 முதல் 1945 வரை ஊர் வீடுகளைச் செப்பனிடும் வேலையை நடத்தியவர் அவர். அந்த வேலை முடிந்த ஆண்டில்தான் புத்தகமும் வந்தது. கட்டட மரபைப் பேணும் ஊர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் தரும் வாக்கர் பரிசை 1975இல் குவார்தா பெற்றது. ஒரே குடும்பத்தில் ஒருவர் ஊரைக் காப்பாற்றினார், இன்னொருவர் அதில் ஒரு பையனைக் குடிவைத்தார். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகவே படுகிறது.

உவோர்சினை வாசித்தவர்கள் 1952இல் வந்த ஃபுளுரினாவின் கதையையும் தேடிப் படியுங்கள். அவள் அவனுடைய தங்கை. ஆசையாய் வளர்த்த காட்டுப் பறவையைப் பறக்கவிடும் அந்தப் பக்கங்களை, மணி தேடிப் போகும் கதையைவிட ஒருபடி மேலாகவே வைப்பேன்.