‘ஏமாந்த ஏழை’ என்று எழுதி 3 மார்க் வாங்கிய கதை

யூ.பி.எஸ்.சி. மெயின்ஸில் அரசியல் அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதியவன் நான். இரண்டு முறை மெயின்ஸில் விழுந்தேன். மூன்றாம் முறை இன்டர்வியூ வரை போனேன், இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. ஆகவே இது ஜெயித்தவனின் அறிவுரை அல்ல. ஒரு கேள்வியில் எப்படி அடி வாங்கினேன், பிறகு அதை எப்படிப் படித்தேன் என்பதைத்தான் சொல்கிறேன்.

டெஸ்ட் சீரிஸில் வந்த கேள்வி இது: “ஏழை வாக்காளர்கள் தங்கள் பொருளாதார நலனுக்கு எதிரான கட்சிகளை ஆதரிப்பது ஏன்?” 15 மார்க். முதல் தாளின் பிற்பகுதியில் தேர்தல் நடத்தை பற்றி ஒரே ஒரு வரி இருக்கும், அதிலிருந்து எடுத்தது. பார்த்ததும் குஷியாகிவிட்டேன். பொய்ப் பிரக்ஞை (தன் வர்க்க நலன் எது என்று தெரியாமல் மயங்கியிருப்பது), சாதி, மதம், ஓட்டுக்குக் காசு, ஊடகம், சினிமா என்று கை வலிக்க எழுதினேன். கிடைத்தது 3. திருத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “எந்த ஏழை? எந்த ஊர்? எந்தத் தேர்தல்?”

இரண்டு நாள் கோபமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கேள்வியே ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு கேட்கிறது. அது நடந்ததா என்று பார்க்காமலே நான் காரணம் அடுக்கியிருக்கிறேன்.

அதனால் ஒரு நாட்டைப் பிடித்து ஆழமாகப் படித்தேன். இந்த விவாதம் அதிகம் நடந்தது அமெரிக்காவில். தொடக்கப் புள்ளி கான்சாஸ். 1890களில் ரயில் கம்பெனிக்கும் வங்கிக்கும் எதிராக விவசாயிகள் கொதித்தெழுந்த மாநிலம் அது. நூறு வருஷம் கழித்து, பணக்காரருக்கு வரி குறைப்போம் என்ற ரிபப்ளிகன் கட்சியின் கோட்டையாக நின்றது. கருக்கலைப்பு போன்ற விஷயங்களைக் காட்டி உழைக்கும் மக்களைத் திருப்பிவிட்டார்கள் என்று எழுத்தாளர் தாமஸ் ஃபிராங்க் 2004இல் எழுதினார். 1991 கோடையில் கான்சாஸின் விசிட்டா நகரத்துக் கருக்கலைப்பு மருத்துவமனைகளை மறித்து நடந்த போராட்டம் இந்த வாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. நம்மில் பலர் இதோடு நிறுத்திவிடுகிறோம். மார்க் இருப்பது இதற்கு அடுத்த பக்கத்தில்.

புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் 2008இல் வேறொரு படத்தைக் காட்டினார். 2004 தேர்தலில் ஏழை மாநிலமான மிசிசிப்பி ரிபப்ளிகன் வேட்பாளர் புஷ் பக்கம் போனது, பணக்கார கனெக்டிகட் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி பக்கம் போனது. அப்படியானால் ஏழைகள் புஷ்ஷுக்குப் போட்டார்களா? மிசிசிப்பிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் புஷ்ஷைத் தூக்கிவிட்டவர்கள் அங்கிருந்த வசதிக்காரர்கள். மாநிலத்தின் வருமானத்தை வைத்து மனிதனின் ஓட்டைச் சொல்ல முடியாது.

இந்தப் பிழையை 1950இலேயே ராபின்சன் என்ற சமூகவியலாளர் பிடித்திருந்தார். 1930 மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆனால் ஆள் ஆளாக எண்ணினால் அவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு. படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஈகலாஜிக்கல் ஃபாலசி என்பார்கள். ‘சூழலியல் பிழை’ என்று மொழிபெயர்த்தால் காடு, மழை ஞாபகம் வருகிறது. நான் ‘திரள் பிழை’ என்று எழுதிப் பக்கத்தில் மூலப் பெயரையும் போட்டேன். தமிழில் எழுதுபவர்கள் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருத்துபவர் தடுமாற மாட்டார்.

அரசியல் அறிவியலாளர் லாரி பார்ட்டெல்ஸ் ஃபிராங்க்கை இன்னொரு பக்கத்திலிருந்து மடக்கினார். கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை விட்டுப் போனது பெரும்பாலும் தென் மாநிலங்களில்தான். அங்கே 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் (சிவில் ரைட்ஸ் ஆக்ட்) கறுப்பினத்தவருக்குச் சமஉரிமை தந்ததிலிருந்து பிளவு தொடங்கியது. ஏழை வெள்ளையனுக்குக் கூலி குறைவாக இருந்தாலும் கறுப்பனைவிட மேல் என்ற மதிப்பு ஒரு கூடுதல் கூலியாகக் கிடைத்தது என்று கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1935லேயே எழுதிவிட்டார். நம் ஊர்ச் சாதியை விளக்க இதைவிடக் கூர்மையான மேற்கோள் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் அதிக நேரம் செலவழித்துப் படித்தது கென்டக்கி மாநிலத்தைப் பற்றி. 2013இல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் ‘கைனெக்ட்’ என்ற மருத்துவக் காப்பீட்டுச் சந்தையைத் தொடங்கினார், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டையும் விரித்தார். சுமார் 4 லட்சம் பேருக்கு மருத்துவக் காப்பீடு வந்தது. 2015 ஆளுநர் தேர்தலில், கைனெக்டைக் கலைப்பேன் என்ற ரிபப்ளிகன் மேட் பெவின் ஜெயித்தார். பார்த்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்ட கதை. ஆனால் வாக்குப்பதிவு சுமார் 30 சதவீதம்தான். அங்கே போய்ப் பேசிய செய்தியாளர்கள் கேட்டது என்ன? பலன் பெற்ற பலர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. போனவர்கள் ஒரு படி மேலே இருந்தவர்கள், “நான் உழைக்கிறேன், அவன் சும்மா வாங்குகிறான்” என்று எரிச்சலில் இருந்தவர்கள். இதோடு சேர்த்துப் படிக்க 2014இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 7.25 டாலர். அதை உயர்த்தக் கூடாது என்று அதிகம் சொன்னவர்கள், அதைவிடக் கொஞ்சமே கூடுதலாகச் சம்பாதித்தவர்கள். கடைசிப் படியில் நிற்பவனுக்கு ஒரு படி மேலே நிற்பவனின் பயம் அது.

இந்தியாவுக்கு வந்தால் அரசியல் அறிவியலாளர் தாரிக் தச்சிலின் 2014 நூல் ஒன்று போதும். மேல்சாதிக் கட்சி என்று பெயரெடுத்த பா.ஜ.க.வுக்கு சத்தீஸ்கர் போன்ற இடங்களில் பழங்குடிகளின் ஓட்டு எப்படி வந்தது? அந்தக் கட்சியின் சார்பு அமைப்புகள் நடத்திய பள்ளிக்கூடமும் மருத்துவ உதவியும் ஒரு முக்கியக் காரணம் என்கிறார். இதைப் படித்தபோது என் பெரியப்பா ஞாபகம் வந்தது. விவசாயத்துக்கு அவர் ஆதரிக்கும் கட்சி என்ன செய்தது என்று ஒருமுறை கேட்டேன். “நம்ம வீட்டுச் சாவுக்கு வந்து பந்தல்ல உக்காந்தவன் அவன்தாண்டா” என்றார். அவர் கணக்கில் அது நலன்தான். என் கணக்கில் அப்படி ஒரு பத்தியே இல்லை.

15 மார்க்குக்குக் கிடைப்பது சுமார் 11 நிமிடம். இத்தனையையும் எழுத முடியாது. இரண்டாம் முறை இதே கேள்வியை எழுதியபோது முதல் இரண்டு வரியில் கேள்வியின் அனுமானத்தைத் தட்டினேன். பிறகு கென்டக்கி, தச்சில், ஒரு வரி டுபாய்ஸ். பொய்ப் பிரக்ஞையை ஒரு வாக்கியத்தில் முடித்தேன். 8 மார்க் வந்தது. ஓரத்தில் மறுபடி சிவப்பு மை: “பணக்காரர் எங்கே?”

நியாயமான கேள்வி. தன் வரியைக் கூட்டும் கட்சிக்கு ஓட்டுப் போடும் ஐ.டி. பொறியாளரை யாரும் ஏமாளி என்பதில்லை, கொள்கைக்காரர் என்கிறோம். பொருளாதார அறிஞர் பிக்கெட்டி 2018இல் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் இதைக் காட்டினார்: அதிகம் படித்தவர்கள் இடதுசாரிப் பக்கம், சொத்துக்காரர்கள் வலதுசாரிப் பக்கம். முதல் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘பிராமண இடது’. மூன்றாம் முறை அதை விளக்கம் ஏதும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்தேன். ஐயா கேட்டிருந்தார்: “எந்தப் பிராமணர்?”